ஜின்னைக் கடைசியில் ஊற்றுங்கள், கண்முன்னே ஊற்றுங்கள்

என் அன்பு மாணவ மாணவியருக்கும், இதை எப்படியும் படித்துவிடப் போகிற சொந்தபந்தங்களுக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு காபியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சில மாதங்களாக உங்கள் பக்கங்களில் ஒரே மாதிரிப் படங்கள் வருகின்றன. உயரமான கண்ணாடித் தம்ளர், இளஞ்சிவப்பில் ஒரு பானம், மேலே வெள்ளை நுரை, விளிம்பில் செருகிய அன்னாசித் துண்டு. கீழே "வீட்டிலேயே செய்த சிங்கப்பூர் ஸ்லிங்" என்று ஒரு வரி. ஒருவன் என்னையும் டேக் செய்து, "டீச்சர், லேப் எக்ஸ்பெரிமென்ட் சக்சஸ்" என்று எழுதியிருந்தான்.

லேப் என்று சொன்னதால்தான் இதை எழுதுகிறேன். கெமிஸ்ட்ரி லேபில் முதல் வகுப்பிலேயே உங்களுக்கு இரண்டு விஷயங்கள் சொன்னேன். அளக்காமல் எதையும் ஊற்றாதே. லேபிள் ஒட்டாமல் எதையும் வைக்காதே. அந்தப் பார்ட்டி வீடியோவில் ஒரு பெரிய ஜாடியில் அன்னாசிச் சாறு இருக்கிறது. அதில் பாட்டிலை அப்படியே கவிழ்க்கிறார்கள். பிறகு ஜாடி மேசைக்குப் போகிறது. அளவும் இல்லை, லேபிளும் இல்லை. லேபில் இப்படிச் செய்திருந்தால் வராந்தாவில் நிற்க வைத்திருப்பேன்.

சொந்தக்காரர்கள் போன் செய்வதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். நான் குடிப்பதில்லை. குடிக்காதவர்கள் தொடங்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஆல்கஹாலில் உடம்புக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொன்னது. திருக்குறளில் 93-ஆவது அதிகாரம் கள்ளுண்ணாமை என்பது எனக்கும் தெரியும். ஆனால் 9-ஆவது அதிகாரம் விருந்தோம்பல். இன்று நான் பேசுவது அந்த 9-ஆவது அதிகாரத்தைப் பற்றி. குடிப்பது என்று முடிவு செய்துவிட்ட, வயது வந்த பிள்ளைகள் தங்கள் வீட்டுக்கு நாலு பேரைக் கூப்பிடும்போது, அந்த நாலு பேருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

இந்த சிங்கப்பூர் ஸ்லிங் எப்படி வந்தது என்று முதலில் பார்ப்போம். சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் ஹோட்டல் 1887-இல் திறக்கப்பட்டது. அங்கே பாரில் வேலை செய்த நியாம் டோங் பூன் என்ற ஹைனான் சீனர் 1915 வாக்கில் இந்தப் பானத்தை உருவாக்கினார் என்று அந்த ஹோட்டல் சொல்கிறது. காரணமும் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் பெண்கள் பொது இடத்தில் மது குடிப்பது மரியாதைக் குறைவாகக் கருதப்பட்டது. ஆகவே பார்ப்பவர் கண்ணுக்குப் பழச்சாறு மாதிரியே தெரிகிற ஒன்றை அவர் கலந்து கொடுத்தாராம்.

அதாவது, வேஷம் போடுவதற்காகவே பிறந்த பானம் இது. ஆனால் அந்த வேஷம் யாருக்காக என்று கவனியுங்கள். பக்கத்து மேசையில் இருந்தவர்களுக்காக. தம்ளரைக் கையில் வைத்திருந்த பெண்ணுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். அவள் கேட்டு வாங்கியது அது. இன்று நம் வீடுகளில் இது தலைகீழாகிவிட்டது. கலந்தவருக்கு மட்டும் தெரிகிறது. குடிப்பவர் ஏமாறுகிறார்.

இப்போது கணக்கு. பயப்படாதீர்கள், பத்தாம் வகுப்புக் கணக்குதான்.

சர்வதேச பார்டெண்டர்கள் சங்கம் ஒரு தம்ளர் சிங்கப்பூர் ஸ்லிங்குக்குக் கொடுக்கும் அளவு இது: ஜின் 30 மி.லி., செர்ரி லிக்கர் 15, ஆரஞ்சுத் தோல் மணமுள்ள குவான்த்ரோ 7.5, மூலிகை மணமுள்ள பெனடிக்டின் 7.5, அன்னாசிச் சாறு 120, எலுமிச்சைச் சாறு 15, கிரெனடின் என்ற சிவப்பு சிரப் 10, கடைசியில் அங்கோஸ்துரா பிட்டர்ஸ் சில சொட்டு.

ஜின் 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 30 மி.லி.யில் சுத்த ஆல்கஹால் 12 மி.லி. செர்ரி லிக்கர் 24 சதவீதம் என்றால் 3.6 மி.லி. மற்ற இரண்டும் 40 சதவீதம், ஆளுக்கு 3 மி.லி. கூட்டினால் 21.6 மி.லி. எத்தனாலின் அடர்த்தி 0.79. பெருக்கினால் சுமார் 17 கிராம்.

நம் ஊரில் ஒரு ஸ்மால் விஸ்கி என்பது 30 மி.லி., 42.8 சதவீதம். அதில் இருப்பது சுமார் 10 கிராம். "இது லேடீஸ் டிரிங்க், ஜூஸ் மாதிரிதான்" என்று சிரித்துக்கொண்டே நீட்டுகிறீர்களே, அந்த ஒரு தம்ளரில் ஒன்றரை ஸ்மாலுக்கு மேலேயே இருக்கிறது. ஐஸ் உருகிச் சேருவதற்கு முன் அந்தக் கலவையின் வலிமை சுமார் 10.5 சதவீதம். கடையில் ஸ்ட்ராங் பீர் என்று விற்பது 8 சதவீதம் வரை. இது அதற்கும் மேல்.

இதெல்லாம் அளந்து ஊற்றினால். பாட்டிலைக் கவிழ்த்து ஜின் மட்டும் 60 மி.லி. விழுந்தால், 17 கிராம் 26 கிராமைத் தாண்டுகிறது. அது வாய்க்குத் தெரியுமா? விஸ்கியைத் தண்ணீரில் கலந்து குடிப்பவருக்கு முதல் மடக்கிலேயே தொண்டை எரிந்து, இது ஸ்ட்ராங் என்று சொல்லிவிடும். இங்கே இனிப்பு அந்த எரிச்சலை மூடுகிறது, புளிப்பு அதன் மேல் உட்காருகிறது, ஐஸின் குளிர்ச்சி நாக்கை மரத்துப்போக வைக்கிறது. ஜின்னுக்கே உரிய ஜூனிப்பர் வாசனையும் அன்னாசி வாசனைக்குள் ஒளிந்துகொள்கிறது.

"டீச்சர், எங்கம்மா உப்பை அளந்தா போடுறாங்க? எனக்கும் கை அளவு தெரியும்" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். கண்ணு, சாம்பாரில் உப்பு கூடினால் முதல் வாயிலேயே நாக்கு சொல்லிவிடும். உன் அம்மாவின் கையைத் திருத்தியது அந்த நாக்குதான். பழச்சாற்றில் ஜின் கூடினால் நாக்கு ஒன்றும் சொல்லாது. அரை மணி நேரம் கழித்துக் கால்தான் சொல்லும். திருத்த ஆள் இல்லாத இடத்தில் கை அளவு பழகவே முடியாது.

இதில் என்ன பெரிய விஷயம், கொஞ்சம் கூடினால் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என்னிடம் படித்த ஒருவரின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். குடியால் வேலையையும், கிட்டத்தட்டக் குடும்பத்தையும் இழந்து, சிகிச்சை எடுத்து, நான்கு வருஷமாக ஒரு சொட்டுத் தொடாமல் இருந்தவர். நண்பர் வீட்டில் குழந்தையின் பிறந்தநாள். மேசையில் ஒரு ஜாடியில் பழ பஞ்ச். யாரோ ஒரு தம்ளர் ஊற்றிக் கொடுத்தார்கள். ஜூஸ் என்று நினைத்துக் குடித்தார். இரண்டாவது தம்ளர் பாதியில் அவருக்கே புரிந்துவிட்டது. கொடுத்தவர் கெட்டவர் இல்லை. அவருக்கு எதுவும் தெரியாது, அவ்வளவுதான். அன்றைக்கு அந்த மனிதர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். ஆனால் அதற்குப் பிறகு மூன்று வாரம் அவர் பட்ட பாட்டை அவர் மனைவி என்னிடம் போனில் சொல்லும்போது என்னால் பேச முடியவில்லை. நான்கு வருஷம் கட்டிய வீட்டை ஒரு ஜாடி ஆட்டிப் பார்த்துவிட்டது.

உங்கள் விருந்துக்கு வருகிற நாலு பேரில் இப்படி ஒருவர் இருக்கலாம். இன்னும் வீட்டில்கூடச் சொல்லாத இரண்டு மாதக் கர்ப்பிணி இருக்கலாம். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர் இருக்கலாம். ஆல்கஹால் அவருக்குச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குக் கீழே இறக்கிவிடக்கூடும். மாலை போட்டவர், நோன்பு இருப்பவர், மதத்தால் தொடாதவர் இருக்கலாம். திரும்பக் கார் ஓட்டிப் போகிறவர் கட்டாயம் இருப்பார். இந்தியாவில் 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் இருந்தால் குற்றம். சிங்கப்பூரில் அந்த வரம்பு 80 மி.கி. நான் மேலே கணக்குப் போட்ட அந்த ஒரு தம்ளரை வெறும் வயிற்றில் குடித்தால், இந்திய வரம்பைப் பலர் தாண்டிவிடுவார்கள். இவர்கள் யாரும் வாசலில் நின்று தங்கள் கதையைச் சொல்லிவிட்டு உள்ளே வரமாட்டார்கள். சொல்லவும் வேண்டியதில்லை. கேட்காமலேயே காப்பாற்றுவதுதான் விருந்தோம்பல்.

அதனால் என் கருத்து இதுதான். பழச்சாறு கலந்த ஜின்னை ஜாடியில் கலந்து வைக்கவே கூடாது. ஜாடியில் சாறு மட்டும் இருக்கட்டும். ஜின்னைக் கடைசியில், ஒவ்வொரு தம்ளரிலும் தனித்தனியாக, அளந்து, குடிப்பவர் பார்க்கும்படி ஊற்றுங்கள். "இதில் 30 மி.லி. இருக்கிறது" என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். இவ்வளவுதான். எந்தச் செலவும் இல்லை.

செய்முறையும் சொல்கிறேன், இல்லாவிட்டால் டீச்சர் திட்டத்தான் தெரியும் என்பீர்கள். ஆறு பாட்டில் வாங்கி அடுக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு எளிய வடிவம் போதும். அதை சிங்கப்பூர் ஸ்லிங் என்று சொல்லாதீர்கள், அன்னாசி ஜின் என்று சொன்னால் போதும்.

முதலில் சிவப்பு சிரப். கிரெனடின் என்ற பெயரே மாதுளைக்கான பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் கடையில் அந்தப் பெயரில் கிடைக்கும் பல பாட்டில்களில் மாதுளை பெயருக்குக்கூட இருக்காது. சர்க்கரைப் பாகும் நிறமும் எசென்ஸும்தான். லேபிளைப் படித்துப் பாருங்கள். வீட்டில் ஒரு கப் மாதுளைச் சாறு, ஒரு கப் சர்க்கரை. சிறு தீயில் சர்க்கரை கரையும் வரை கிளறி இறக்குங்கள். கொதிக்க விட்டால் பழ வாசனை போய்விடும். ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

அடுத்து அன்னாசி. நன்றாகப் பழுத்ததை மிக்ஸியில் தண்ணீர் விடாமல் அடித்து, துணியில் வடிகட்டுங்கள். டின் சாறு வேண்டாம். புதுச் சாற்றை ஐஸோடு குலுக்கினால் வெள்ளையாக நுரை கட்டும். படத்தில் நீங்கள் பெருமையாகக் காட்டும் நுரை அதனால் வருவதுதான். 120 மி.லி. அன்னாசிச் சாறு, 15 மி.லி. எலுமிச்சைச் சாறு, 10 மி.லி. மாதுளை சிரப் என்ற கணக்கில் எத்தனை பேரோ அத்தனை மடங்கு ஜாடியில் கலந்து ஃபிரிட்ஜில் வையுங்கள். எலுமிச்சையை அன்றைக்கே பிழியுங்கள், முந்தின நாள் பிழிந்தால் கசக்கும்.

குடிப்பவர் வந்து கேட்கும்போது, மூடி இறுக்கமான ஒரு ஸ்டீல் பாட்டிலில் ஐஸ், ஜாடியிலிருந்து 145 மி.லி., அளந்த ஜின் 30 மி.லி. பதினைந்து வினாடி குலுக்கி, வடிகட்டி ஊற்றுங்கள். சோடா சேர்ப்பதென்றால் தம்ளரில் சேருங்கள். பாட்டிலில் சோடாவை விட்டுக் குலுக்கினால் மூடி பறந்து கூரையில் அடிக்கும். ஏன் என்று உங்களுக்கே தெரியும், கார்பன் டை ஆக்சைடு பாடம் நடத்தியிருக்கிறேன். இந்த எளிய தம்ளரில் இருப்பது சுமார் 10 கிராம் ஆல்கஹால், அதாவது ஒரு ஸ்மால். யாருக்கும் சந்தேகமில்லாத கணக்கு.

அளக்க வெளிநாட்டு ஜிக்கர் தேவையில்லை. இருமல் மருந்து பாட்டிலோடு வரும் பிளாஸ்டிக் மூடியில் 5, 10 என்று கோடு போட்டிருக்கும். நன்றாகக் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். 10 மி.லி. மூன்று முறை. பத்து வினாடி வேலை.

குடிக்காதவருக்கும் இதே ஜாடியிலிருந்துதான். அதே ஐஸ், அதே குலுக்கல், அதே நுரை. ஜின்னுக்குப் பதில் கொஞ்சம் இஞ்சிச் சாறு விட்டால் தொண்டையில் இறங்கும்போது அந்தக் காரம் கிடைக்கும். குடிப்பவருக்கு அலங்காரத் தம்ளரும், குடிக்காதவருக்கு மூலையில் கிடந்த வெதுவெதுப்பான கோலா பாட்டிலும் நீட்டும் வழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. நீ எங்களோடு சேர்ந்தவன் இல்லை என்று சொல்லாமல் சொல்வது அது. பல பிள்ளைகள் முதல் தம்ளரைக் கையில் எடுப்பதே அந்த வெட்கத்துக்குப் பயந்துதான்.

ஆனால் தம்ளர் மட்டும் வேறாக இருக்கட்டும். ஜின் உள்ளது உயரமான கண்ணாடித் தம்ளரில் என்றால், இல்லாதது குட்டையான தம்ளரில். அல்லது ஜின் உள்ளதற்கு மட்டும் கறுப்பு ஸ்ட்ரா. நிறம் ஒன்றாக இருப்பதால் கை மாறிவிடும். இதுதான் நான் சொல்லும் லேபிள்.

"ஜாடியில் கலந்து வைத்தால்தானே நானும் விருந்தாளிகளோடு உட்கார முடியும்?" என்று கேட்பீர்கள். சாறு ஜாடியில் தயாராக இருக்கிறது. மிச்சம் ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷத்தில் அவர் எத்தனையாவது தம்ளர் கேட்கிறார் என்பதும் உங்களுக்குத் தெரியும். மூன்றாவது கேட்கும்போது சாப்பாட்டுத் தட்டை நீட்டலாம். ஜாடி அதைச் செய்யாது.

இன்னொரு கேள்வி கொஞ்சம் கஷ்டமானது. "கண்முன்னே ஊற்று என்கிறீர்கள், மாமனார் மாமியார் உட்கார்ந்திருக்கிறார்களே?" நம் ஊர்க் கல்யாண வீடுகளில் ஸ்டீல் தம்ளரிலும் கோலா பாட்டிலிலும் என்ன போகிறது என்று எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் தெரியாததுபோல் இருப்போம். என் பதில் இதுதான். வெளிப்படையாக ஊற்ற முடியாத கூட்டம் என்றால், அந்தக் கூட்டத்தில் ஊற்றாதீர்கள். இன்னொரு நாள், இன்னொரு நண்பர்களோடு வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு மரியாதை கொடுப்பதற்காக ஒளிக்கிறேன் என்று சொல்லி, ஒன்றும் தெரியாத ஒருவர் கையில் அதைக் கொடுத்துவிடுகிறீர்கள். அது மரியாதையில் சேராது.

மோர் குடித்தால் இறங்கிவிடும், பிளாக் காபி குடித்தால் ஓட்டலாம், எலுமிச்சை ஊறுகாய் நக்கினால் போதும் என்பதெல்லாம் பொய். கல்லீரல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 7 முதல் 10 கிராம்தான் கழிக்கும். அதை அவசரப்படுத்த எந்தச் சமையலறைப் பொருளும் கிடையாது. முன்கூட்டியே வயிறு நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் ஏறுவது மெதுவாகும், அவ்வளவுதான். ஆகவே சுண்டலோ வடையோ முதலில் வரட்டும், தம்ளர் பிறகு வரட்டும். ஓட்டுகிறவருக்குக் குட்டைத் தம்ளர்தான், பேச்சே இல்லை. ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தாலும் பெரும்பாலும் பெண் ரத்தத்தில் அளவு கூடுதலாக ஏறும். அவர்கள் உடம்பில் நீரின் பங்கு குறைவு என்பது காரணம். "லேடீஸ் டிரிங்க்" என்று சொல்லிக் கூடுதலாக ஊற்றுகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, சின்னக் குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு. இந்தப் பானம் சிவப்பாக, இனிப்பாக, பழத் துண்டோடு இருக்கிறது. குழந்தைக்கு அது ரோஸ்மில்க் மாதிரிதான் தெரியும். சின்ன உடம்பில் கொஞ்சம் ஆல்கஹால் போனாலே ரத்தச் சர்க்கரை சடாரென்று இறங்கும், மயக்கம் வரும், வலிப்புகூட வரும். அப்படி நடந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அது நடக்காமல் இருக்க, விருந்தினர் போனதும் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் மிச்சம் உள்ள தம்ளர்களை எல்லாம் எடுத்து, சிங்கில் கொட்டிக் கழுவி வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் வீட்டில் முதலில் எழுந்து ஹாலுக்கு வருவது உங்கள் குழந்தைதான்.

அன்புடனும் ஆசிகளுடனும்,
உங்கள் கெமிஸ்ட்ரி டீச்சர்